சேமிப்புக் கணக்கின் அந்த இரண்டரை சதவீத வட்டியைப் பாஸ்புக்கில் அச்சடிக்கச் சொல்லுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கியின் மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வங்கியில் முப்பத்தொரு வருடம் எழுத்தராகவும் காசாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கும்பகோணத்தில் குடியிருக்கிறேன். காலையில் காபி குடித்து முடிப்பதற்குள் தெருவில் யாராவது ஒருவர் பாஸ்புக்கோடு வந்து நின்றுவிடுவார். "என்ட்ரி போட்டாச்சு சார், என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார். ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.

போன மாதம் வந்தவர் எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கிற அக்கா. வீட்டுக்காரர் தவறிய பிறகு கிடைத்த இன்ஷூரன்ஸ் பணம் 2,40,000 ரூபாய், அப்படியே சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு வரி வட்டி வரவு. கடைசி வரவு 1,500 ரூபாய். அக்கா அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "இது எத்தனை பைசா வட்டிண்ணே?"

உங்களுக்கு மும்பையில் இந்தக் கணக்கு பழக்கம் இருக்காது. எங்கள் பக்கம் சதவீதம் யாரும் பேசமாட்டார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு பைசா வட்டி. பூ வாங்க மூன்று பைசா வட்டிக்குப் பணம் புரட்டித் தொழில் செய்கிறவர் அவர். அதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால் மாதத்துக்குக் கால் பைசாகூடத் தேறவில்லை. சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, "பேங்க்காரங்களுக்குக் கொடுக்கிறப்ப மட்டும் கை நடுங்குது போல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாஸ்புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். கிளைக் குறியீடு இருக்கிறது, நாமினி பதிவு இருக்கிறது, ஏடிஎம் அட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்ற புத்திமதி இருக்கிறது. வட்டி எத்தனை சதவீதம் என்று ஒரு இடத்திலும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் சொன்னதில்லை. சேமிப்புக் கணக்கிலும் நடப்புக் கணக்கிலும் கிடக்கும் பணத்துக்கு எங்கள் மொழியில் காசா என்று பெயர். மாதா மாதம் அதற்கு டார்கெட் உண்டு. மலிவாகக் கிடைக்கும் பணம் அதுதான், வங்கிக்குக் கறவை மாடு. லட்சக்கணக்கில் சும்மா வைத்திருப்பவர் ஒருவரிடம் போய், "இதை ஃபிக்ஸடில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் மேலாளர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவர் வந்தால் மட்டும் காதோடு சொல்வேன்.

அப்போதும் காதோடு சொல்ல விஷயம் இருந்தது. 2010 மார்ச் வரைக்கும் சேமிப்புக் கணக்கு வட்டியை எப்படிப் போட்டோம் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மாதத்தில் 10-ம் தேதியிலிருந்து கடைசி நாள் வரைக்கும் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 50,000 ரூபாயை மாதம் முழுக்க வைத்திருந்துவிட்டு 28-ம் தேதி 49,500 எடுத்தால், அந்த மாதம் 500 ரூபாய்க்குத்தான் வட்டி. 11-ம் தேதி பணம் போட்டவருக்கு அந்த மாதம் போட்ட பணத்துக்கு ஒன்றுமே கிடையாது. "பத்தாம் தேதிக்குள்ள கட்டிடுங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று உங்கள் வங்கிதான் உத்தரவு போட்டது. ஒரே சுற்றறிக்கையில் நாடு முழுக்க மாறியது. அதனால்தான் இந்த மடலும் உங்களுக்கு.

அடுத்த வருடம் அக்டோபர் 25-ம் தேதி இன்னொன்று செய்தீர்கள். அதுவரை எல்லா வங்கிக்கும் 4 சதவீதம் என்று நீங்களே வைத்திருந்த விகிதத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டீர்கள். போட்டி வரும், வட்டி ஏறும் என்றார்கள். யெஸ் வங்கி, கோட்டக் போன்ற சில புதிய வங்கிகள் 6 சதவீதம் வரை போனது உண்மைதான். பெரிய வங்கிகள் நாலிலேயே உட்கார்ந்துகொண்டன. அப்புறம் 2017 ஜூலையில் பாரத ஸ்டேட் வங்கி மூன்றரைக்கு இறங்கியது. 2020-ல் 2.70.

எனக்கு வயிறு எரிவது இதற்கு அடுத்த கட்டத்தில். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு நீங்கள் தரும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குத் தவணை கூடியது, சிலருக்கு வருடங்களே கூடின. சேமிப்புக் கணக்கு? 2.70 அசையவில்லை. 2025-ல் ரெப்போ இறங்க ஆரம்பித்தது. ஜூன் மாதம் 5.5-க்கு வந்ததுமே, அதே மாதத்தில் பாரத ஸ்டேட் வங்கியும் பெரிய தனியார் வங்கிகளும் சேமிப்பு வட்டியை 2.5 ஆக்கிவிட்டன. ஏறும்போது காது கேட்கவில்லை, இறங்கும்போது மட்டும் நன்றாகக் கேட்டது.

2019 அக்டோபர் 1 முதல் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக்கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று சொன்னவர்கள் நீங்கள். நல்ல காரியம். சேமிப்புக்கும் அது முடியாத ஒன்றல்ல. பாரத ஸ்டேட் வங்கியே 2019 மே முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருப்புக்கு ரெப்போவில் 2.75 கழித்து வட்டி தந்து பார்த்தது. மறு வருடமே கைவிட்டுவிட்டது. அந்தக் கணக்கு நீடித்திருந்தால் 2023-ல் 3.75 வந்திருக்கும்.

பழையபடி நீங்களே விகிதம் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வங்கி நடத்துவதில் உள்ள செலவு எனக்கும் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். பாஸ்புக்கில் வட்டி வரவு வைக்கும் வரியிலேயே விகிதத்தையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். விகிதம் மாறினால் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். தமிழில். கிளைப் பலகையில் ஒட்டுகிறோமே என்பார்கள். ஒட்டுகிறார்கள், ஃபிக்ஸட் விகிதங்களுக்கெல்லாம் கீழே, தண்ணீர் கேன் மறைக்கிற மூலையில்.

இன்னொன்று ஆட்டோ ஸ்வீப். கணக்கில் ஒரு வரம்புக்கு மேல் சேரும் பணம் தானாக வைப்புத்தொகையாக மாறும். இருப்பு குறைந்தால் தேவையான அளவு தானாக உடைந்து கணக்குக்குத் திரும்பும். பல வங்கிகளில் இந்த வசதி இருக்கிறது, ஆளுக்கொரு பெயரில். கேட்டால் தருவார்கள், கேட்காதவருக்குத் தெரியாது. ஏழு நாளுக்குள் உடைந்தால் ஒன்றும் கிடைக்காது, முன்கூட்டி எடுத்தால் கொஞ்சம் பிடிப்பார்கள். அதையும் சொல்லியே கொடுக்கட்டும். பூக்கார அக்காவுக்கு 40,000 கையிருப்பு போக மீதி இரண்டு லட்சம் ஆறேகால் சதவீத வைப்பில் இருந்திருந்தால் வருடத்துக்கு 12,500 வந்திருக்கும். அந்த இரண்டு லட்சத்துக்கு வந்தது 5,000. கணக்கு தொடங்கும் படிவத்தில் 'ஸ்வீப் வேண்டுமா, வேண்டாமா' என்று கட்டாயமாக ஒரு கேள்வி இருந்தால் போதும். நாமினிக்குக் கேட்கவில்லையா?

மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பான ஆர்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 2,000 வீதம் ஒரு வருடம் கட்டிய பக்கத்து வீட்டுப் பையன், ஆறரை சதவீதம் என்றால் 24,000-க்கு 1,560 வரணுமே, 850 சொச்சம்தானே தந்திருக்கிறார்கள் என்று கிளையில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தான். வங்கி மேல் தப்பில்லை. முதல் தவணைக்குத்தான் பன்னிரண்டு மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரே மாதம். ஆனால் அவன் மேலும் தப்பில்லை. முதிர்வில் கையில் எவ்வளவு வரும் என்று சேரும்போதே யாராவது ரூபாயில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்காது.

சிறு நிதி வங்கிக்குப் போனால் ஏழு சதவீதம் தருகிறார்களாமே என்றும் தெருவில் கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஏழு அதிக இருப்புக்கான மேலடுக்குக்குத்தான் என்றும், முதல் லட்சத்துக்குக் கிடைப்பது வேறு என்றும், எந்த வங்கியானாலும் அது மூழ்கினால் கிடைக்கும் காப்பீடு 5 லட்சம் வரைதான் என்றும் நான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் பல வருடமாக 4 சதவீதம் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய முதலாளிகள் மன்னிக்கட்டும்.

பூக்கார அக்காவை அழைத்துக்கொண்டு நானே கிளைக்குப் போனேன். ஸ்வீப் படிவம் கேட்டதும் கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் எந்த பேங்க்ல இருந்தீங்க?" என்றாள். சொன்னேன். சிரித்துக்கொண்டே அடி இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் படிவக் கட்டிலிருந்து வெளியே போன முதல் படிவம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்,
கும்பகோணம்