கூடுதல் பரிந்துரைக் கடிதம்: பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

கோயம்புத்தூர்
ஜூலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு இந்தக் கடிதம். ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் என்ற இணையதளம் ஆகஸ்ட் 1 அன்று புதிய விண்ணப்பத்துக்குத் திறக்கும். அதற்குள்ளாகவே உங்களில் பலர் என் அறைக்கு வந்து, "ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் போக இன்னொன்றும் வைக்கலாமாமே, யாரிடம் வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டீர்கள்.

இந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. நம் ஊர் பொறியியல் கவுன்சலிங்குக்குக் கட்-ஆஃப் போதும். ஐஐடிக்கு ஜேஇஇ ரேங்க் போதும். பிள்ளை எப்படிப்பட்டவன் என்று யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. அதனால் அமெரிக்க விண்ணப்பத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தாலே ஏதோ குறைந்துவிட்டது போல் தோன்றுகிறது. குறையவில்லை. எம்ஐடி இரண்டு ஆசிரியர் கடிதங்களைக் கேட்கிறது: ஒன்று கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, மற்றொன்று மொழி, வரலாறு போன்ற பாடம் எடுப்பவரிடமிருந்து. ஸ்டான்ஃபோர்டும் இரண்டு கேட்கிறது. அந்த ஆசிரியர்கள் சொல்லாத புதிதாக ஒன்றைச் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் மூன்றாவது கடிதம் அனுப்பலாம் என்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்கோ விண்ணப்பத்தோடு எந்தப் பரிந்துரையும் அனுப்ப வேண்டியதில்லை. இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு யூகாஸ் என்ற அந்நாட்டுப் பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஒரே ஒரு பரிந்துரைதான்; அதைப் பள்ளியே எழுதும்.

அடுத்து, கொஞ்சம் அழுத்தமாகவே ஒன்று சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ. லெட்டர்பேடு, ரோட்டரி தலைவரின் கடிதம், அப்பாவின் கம்பெனி டைரக்டர் தந்த நற்சான்று, இவை எதையும் தயவுசெய்து வாங்கி வராதீர்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் "நல்ல குடும்பத்துப் பையன், ஒழுக்கமானவன், எனக்கு நன்கு தெரிந்தவன்" என்பதைத் தாண்டி அவர்களால் எதையும் எழுத முடிவதில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளைப் புரட்டுகிறவருக்கு, எழுதியவர் பிள்ளையோடு பழகவில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

எது பயன்படும் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். முன்பு நம் மாணவன் ஒருவன் கோடை விடுமுறையில் பவுண்டரி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். பம்புக்கான இம்பெல்லர் வார்க்கும் இடம். அந்த உரிமையாளர் தமிழிலேயே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். காஸ்டிங்கில் ஓட்டை விழுந்து துண்டுகள் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்த சமயம், பையன் அவற்றை எடைக்குப் போடவிடாமல் ஓரமாக அடுக்கிவைத்து, எது காலையில் வார்த்தது, எது மாலையில் வார்த்தது என்று சாக்பீஸால் எழுதி வைத்தானாம். கெட்டவற்றில் பெரும்பாலானவை காலையில் வார்த்தவை. மணலில் ஈரம் கூடுதலாக இருந்திருக்கிறது. "நான் திட்டினேன், அவன் பதில் பேசவில்லை, மறுநாளும் எழுதினான்" என்று ஒரு வரி அதில் உண்டு. எங்கள் இயற்பியல் ஆசிரியர் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. எங்கள் ஆங்கில ஆசிரியை அதை மொழிபெயர்த்தார். இரண்டையும் சேர்த்து அனுப்பினோம்.

உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இருந்தால், வயலின் குருவோ, ஹாக்கி கோச்சோ, அவன் சனிக்கிழமைதோறும் போகும் நூலகத்தின் நூலகரோ, தாராளமாகக் கேட்கட்டும். ஆங்கிலம் வராது என்பது ஒரு தடையே இல்லை. அப்படி யாரும் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வகுப்பாசிரியர்களின் கடிதமும் பள்ளியின் கடிதமும் போதும். அவற்றை நாங்கள் உட்கார்ந்து, யோசித்து எழுதுகிறோம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி கொஞ்சம் வித்தியாசமாக, பிள்ளையின் வயதை ஒத்த நண்பர் ஒருவரின் கடிதத்தை ஊக்குவிக்கிறது. அதற்கு முதல் ரேங்க் வாங்குகிறவரைத் தேட வேண்டாம். சண்டை போட்டுச் சமாதானமான தோழி இன்னும் நன்றாக எழுதுவாள்.

கடிதத்தைப் பிள்ளையே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நம் பள்ளியில் அதற்கு இடமில்லை. அது பொய், பதினேழு வயதில் அதைப் பெரியவர்களே சொல்லிக்கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுகிறவருக்கு நினைவூட்ட நான்கைந்து குறிப்புகளைப் பிள்ளை கொடுக்கலாம், அவ்வளவுதான். அதேபோல், எழுதியதைக் காட்டும்படி ஆசிரியர்களிடம் கேட்காதீர்கள். 1974இல் வந்த ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பிலுள்ள கடிதத்தைப் பார்க்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். விட்டுக்கொடுக்கும்படிதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மறைவாக எழுதிய கடிதத்துக்குத்தான் அங்கே நம்பிக்கை அதிகம்.

முன்கூட்டியே முடிவு சொல்லும் கல்லூரிகள் பலவற்றுக்கு நவம்பர் 1 கடைசி நாள். மற்றவற்றில் பலவற்றுக்கு ஜனவரித் தொடக்கம். ஆகவே வெளியாள் யாரையாவது கேட்பதாக இருந்தால் பிள்ளைகள் செப்டம்பர் 15க்குள் கேட்டுவிட வேண்டும். பிள்ளையே நேரில் போய்க் கேட்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். தமிழ்க் கடிதங்கள் செப்டம்பர் மாதக் கடைசிக்குள் உறையில் இட்டு ஒட்டப்பட்டு என் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால், மொழிபெயர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்