பங்குனியில் அளந்த சத்தம்

செங்கோட்டை,
ஆவணி 2

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே அம்மாவுக்குத்தான் சாரல் தொடங்கியதிலிருந்து சரியான தூக்கமில்லை.

வீட்டு முன்சாலையின் இரைச்சலைப் பற்றி நான் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. பங்குனியில் இரண்டு நாள், அதுவும் பகலில், கருவியை வைத்து அளந்துவிட்டுப் போனவர்கள், அளவு வரம்புக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். குற்றால அருவியில் பாறை மட்டும் தெரியும், கூட்டமே வராத மாதத்தில் அளந்துவிட்டு ஆடிக்குத் தீர்ப்புச் சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. நான் முறையிட்டதோ இரவைப் பற்றி.

ஆனியில் குற்றாலத்துக்கு வரத் தொடங்கிய வேன்கள் இன்னும் குறையவில்லை. அதற்குள் ஓணம் நெருங்கிவிட்டதால், பாவூர்சத்திரத்துக் காய்கறி லாரிகளும் சேர்ந்துகொண்டு இரவெல்லாம் கேரள எல்லையிலுள்ள புளியரையை நோக்கி ஓடுகின்றன. நேற்று இரண்டு மணிக்கு ஒரு லாரி ஏர் ஹாரனை அடித்த அடியில் தண்ணீர்ப் பானைமேல் கவிழ்த்திருந்த தம்ளர் அதிர்ந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "வாசல்ல யாருலே வந்திருக்கா?" என்றாள். யாருமில்லை என்று சொல்லிப் படுக்க வைத்தேன். விடியும்வரை அவள் கண் மூடவில்லை.

புரட்டாசியில் சற்று மூச்சு விடலாம். கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் சாமிமார் வண்டிகள் தை வரை ஓயாது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. நாமும் மாலை போட்டவர்கள்தாம், எருமேலியில் நீ தொலைத்த செருப்பை நான் மறக்கவில்லை. அந்த ஹாரனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டிகள் இரு மடங்கானாலும் 3 டெசிபல்தான் ஏறும், பத்து மடங்கானால்தான் 10 ஏறும் என்று முன்பு நீதான் எனக்கு விளக்கினாய். எண்ணில் சிறிதாகத் தெரியும் ஏற்றத்துக்குப் பின்னே அத்தனை வண்டிகள் இருக்கும்போது, பருவத்துக்குப் பருவம் தனித்தனியாகவும், இரவில் மணிக்கு மணியும் அளக்காமல் இந்த ஊரின் சத்தத்தை யாரால் சொல்ல முடியும்? தூங்குகிறவரை எழுப்ப ஒரே ஒரு ஹாரன் போதும்.

உன் கல்லூரி ஆய்வகத்தில் ஒலியளக்கும் கருவி இருப்பதாகச் சொன்னாயே, முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுவர முடியுமா? ஓணத்துக்கு முன் ஓர் இரவு, புரட்டாசியில் ஓர் இரவு, கார்த்திகையில் ஓர் இரவு அளந்து, மூன்றையும் சேர்த்து மறுபடியும் மனு எழுதுவோம். தெருப் பக்கத்து மாடியறையை உனக்காகக் கூட்டி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமையே வா.

உன்,
வேலாயுதம்