கொலுசின் பூர்வீகம்: சேலம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையாளர் சங்கச் செயலாளரின் 2025-26 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பட்டறைக்கு விடுமுறை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு முதன்முறையாக அழைக்கப்பட்டு வந்திருக்கும் தொழிலாளர் பிரதிநிதிகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துகிறோம். செவ்வாய்பேட்டையில் கையால் கம்பி இழுத்து இந்தத் தொழிலை வளர்த்த தலைமுறை அது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி வழக்கம்போல வழங்கப்பட்டது. பொற்கொல்லர் நல வாரியத்தில் பதியாத தொழிலாளர்களுக்காகச் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் முகாம் நடத்தினோம். இனி இந்த ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளி விலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலையில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது இனி மூச்சு விடலாம் என்று நினைத்தோம். 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி, 1980-இல் தொட்ட அவுன்ஸ் சுமார் 50 டாலர் என்ற உச்சத்தையே தாண்டிவிட்டது. புதுக் கட்டி வாங்க முதல் போதவில்லை. கடைகளுக்குப் பழைய கொலுசு மூட்டை மூட்டையாக வந்தது. உருக்குப் பட்டறைகளில் இந்த ஆண்டு எரிந்தது பெரும்பாலும் பழைய வெள்ளிதான்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு வியாபாரி வழியாக நம் உறுப்பினர்கள் சிலருக்குக் கேள்வித்தாள் வந்தது. வெள்ளி எங்கே வாங்கினீர்கள், அதைச் சுரங்கத்தில் வெட்டி எடுத்தவர் யார், யாருடைய கை செய்தது, அந்தக் கைக்கு என்ன கூலி, பட்டறையில் 18 வயதுக்குக் கீழ் யாராவது உண்டா, இதையெல்லாம் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து பார்த்தாரா. பூர்வீகம் கேட்டுப் பெண் கொடுப்பதுபோல, கொலுசுக்கும் இப்போது பூர்வீகம் கேட்கிறார்கள். சிலருக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விகள் என்பது என் எண்ணம். செயற்குழுவும் அதை ஏற்றுத் துணைக்குழு அமைத்தது. துணைக்குழு படித்ததையும் பார்த்ததையும் இங்கே வைக்கிறேன்.

நகைத் தொழிலில் இப்படிக் கேள்வி கேட்டுச் சான்று தரவென்று இருக்கும் அமைப்புகளில் பெரியது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ரெஸ்பான்சிபிள் ஜுவல்லரி கவுன்சில். 2005-இல் தொடங்கியது. அதற்கு இரண்டு விதிநூல்கள் உண்டு. ஒன்று, தொழில் நடத்தும் முறைக்கு: கூலி, பாதுகாப்பு, குழந்தைத் தொழில், கழிவு, லஞ்சம் எல்லாம் அதில் வரும். மற்றொன்று, உலோகம் கைமாறும் வழிக்கு. முதலாவது உறுப்பினர்களுக்குக் கட்டாயம். இரண்டாவதை விரும்பியவர்கள் எடுக்கலாம். கவுன்சில் அங்கீகரித்த வெளித் தணிக்கையாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தால் சான்று வரும். வழக்கமாக மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

இதையெல்லாம் கேட்டதும் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "பெரிய கம்பெனிக்காரங்க அவங்களுக்கு அவங்களே கொடுத்துக்கிற சர்டிபிகேட்தானே?" என்றார். அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபின், ரஷ்ய வைரத் தொடர்பை அறுப்பதில் கவுன்சில் தயங்கியது என்ற காரணத்தால் 2022-இல் பண்டோரா, கெரிங், ரிச்மான்ட் ஆகிய பெரிய நகை, ஆடம்பரப் பொருள் நிறுவனங்கள் அதை விட்டு வெளியேறின. நிர்வாக இயக்குநரும் பதவி விலகினார். ரத்த வைரம் சந்தைக்கு வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து செய்த கிம்பர்லி ஏற்பாட்டிலும் இதே பாடம் இருக்கிறது. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, கிளர்ச்சிப் படைகள் அரசுக்கு எதிரான போருக்குப் பணம் திரட்டப் பயன்படுத்தும் பட்டை தீட்டாத கல் என்று மட்டுமே ரத்த வைரத்துக்கு வரையறை வைத்தார்கள். அரசுப் படையே சுரங்கத்தில் ஆளை அடித்தால் அந்த வரையறைக்குள் வராது. அந்த ஏற்பாட்டுக்காக முதலில் குரல் கொடுத்த குளோபல் விட்னஸ் அமைப்பே 2011-இல் விலகிக்கொண்டது. ஆகவே எந்தச் சான்றைப் பார்த்தாலும் அது எதை அளக்கிறது, அளப்பவருக்கு யார் பணம் கொடுக்கிறார் என்ற இரண்டையும் கேட்க வேண்டும் என்று துணைக்குழு முடிவு செய்தது. இந்த அறிக்கையில் நான் சொல்லும் எல்லாமே அந்த இரண்டு கேள்வியிலிருந்து வருவதுதான்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு முத்திரை இருக்கிறதே என்று பலர் கேட்டீர்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் 2005-இலிருந்தே உண்டு. தங்கத்துக்கு 2021 ஜூனில் கட்டாயமானது. வெள்ளிக்கு இன்னும் விருப்பம்தான். 2025 செப்டம்பர் 1 முதல், ஹால்மார்க் போடும் வெள்ளிக்கும் எச்.யு.ஐ.டி., அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க அடையாளக் குறி வந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியைத் தட்டினால் எந்த மையம் சோதித்தது, என்ன தரம் என்று யாரும் பார்க்கலாம். இதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் ஹால்மார்க்கில் கீழ்த்தரமே 800, அதாவது ஆயிரத்துக்கு எண்ணூறு பங்கு வெள்ளி; நம் பேச்சில் எண்பது டச். எழுபது டச் கொலுசை எண்பது என்று சொல்லி விற்பவர் நம் ஊரில் இல்லை என்று யாராலும் மார்தட்ட முடியாது. கம்பி எண்பது டச்சில் இருந்தாலும், இணைப்புகளைப் பற்றவைக்கும் உலோகப் பொடி கூடிவிட்டால் முழுக் கொலுசையும் உருக்கிப் பார்க்கும்போது டச் இறங்கிவிடும். எக்ஸ் கதிர் பாய்ச்சித் தரம் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷினில் வைத்துக் காட்டிவிட்டோம் என்று சொல்வதும் போதாது. அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். வெள்ளி முலாம் ஏற்றியிருந்தால் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. சுரண்டி மாதிரி எடுத்து, அமிலத்தில் கரைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். வாங்குபவரை ஏமாற்றாமல் இருப்பது நேர்மையின் முதல் படி. அதிலேயே நமக்கு வேலை பாக்கி இருக்கிறது.

அடுத்தது வெள்ளி வந்த வழி. லண்டன் தங்க, வெள்ளிக் கட்டிச் சந்தைச் சங்கத்தின் (எல்.பி.எம்.ஏ.) பட்டியலில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகள், வெள்ளியின் மூலத்தைப் பற்றி வெளித் தணிக்கைக்கு உட்பட்டாக வேண்டும். உலகெங்கும் சுரங்கங்கள் ஆயிரக்கணக்கில், நகைப் பட்டறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. நடுவே ஆலைகள் சிலவே. அதனால் அந்தக் குறுகிய கழுத்தில் தணிக்கையை வைத்திருக்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி.) தங்கத்துக்கு வகுத்த வழிகாட்டியும் இதே முறையைத்தான் சொல்கிறது. ஆலையிலிருந்து வரும் சுமார் 30 கிலோ கட்டியில் ஆலையின் முத்திரை, வரிசை எண், தரம் எல்லாம் பொறித்திருக்கும். நம் பட்டறைக்காரர் அந்தக் கட்டியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. செவ்வாய்பேட்டையில் அதை அறுத்துத் துண்டாக்கும் மேஜையிலேயே எண் போய்விடுகிறது. அதுவரை கண்டம் தாண்டி வந்த தடம் நம் ஊர்த் தெருவில் வந்து அழிகிறது. இதற்குத் துணைக்குழு சொல்லும் வழி எளியது: கட்டி அறுக்கும்போதே துண்டுச்சீட்டு. கட்டியின் எண், அறுத்த தேதி, துண்டின் எடை, வாங்கியவர் பெயர். கட்டி வியாபாரிகளுடன் பேசியிருக்கிறோம். சிலர் சம்மதித்தார்கள்.

பழைய வெள்ளிக்கு இது பொருந்தாது. பாட்டியின் கொலுசு எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, யாரும் அதைக் கேட்பதும் இல்லை. கொண்டுவந்து கொடுத்தவர் யார், அது திருட்டுப் பொருள் அல்ல என்று உறுதி செய்தீர்களா, மறுசுழற்சி வெள்ளியைப் புது வெள்ளியோடு கலக்காமல் தனிக் கணக்கு வைத்தீர்களா என்பதைத்தான் கேட்பார்கள். இரண்டும் உருக்குவதற்கு ஒரே மூசையில் போகும் பட்டறைகளில் இது சிரமம்தான். ஆனாலும் பழைய வெள்ளிக்குத் தனிப் பதிவேடு தொடங்கிய உறுப்பினர்கள், தங்கள் சேதாரக் கணக்கே முன்னைவிடத் தெளிவாகிவிட்டது என்று சொல்கிறார்கள்.

பழைய வெள்ளியில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்தக் காலத்துப் பற்றவைப்புப் பொடியில் காட்மியம் என்ற உலோகத்தைக் கலந்தார்கள். வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரியில். காட்மியம் கொதிப்பதோ 767 டிகிரியில். வெள்ளி உருகும் முன்பே அது புகையாகி உருக்குபவரின் மூச்சில் ஏறிவிடுகிறது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோய் தரும் என்று உறுதி செய்யப்பட்ட நஞ்சு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நகையில் 0.01 சதவீதத்துக்கு மேல் காட்மியம் இருந்தால் விற்க முடியாது. அவர்கள் கழுத்தில் போடுபவரைக் காக்கச் சட்டம் போட்டார்கள். நம் உருக்குப் பட்டறையில் சன்னலில்லாத அறையில் நிற்பவரைக் காக்க வேண்டியது நம் கடமை. புகைக்கூண்டும் காற்றுறிஞ்சும் விசிறியும் வைக்கச் சங்கம் கடன் கொடுக்கும் என்ற தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளி பிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பு கலந்த அந்த நீல நீரைச் சாக்கடையில் ஊற்றினால், சேர்வராயன் மலையில் பிறந்து நம் ஊர் நடுவே போய்க் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றில்தான் அது போய்ச் சேரும். அந்த ஆற்றுக்கு நாம் செய்தது போதும்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். முறையான தணிக்கைக்கு முன்னால், உறுப்பினர்கள் சிலர் முன்வந்து தங்கள் பட்டறைகளை ஒரு வெளித் தணிக்கையாளருக்கு ஒத்திகையாகத் திறந்துவிட்டார்கள். அந்தத் துணிவுக்கு நன்றி. அவர் வந்ததும் பில்லைக் கேட்கவில்லை. முதலாளியைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பற்றவைத்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முன்பணம் எவ்வளவு, அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியுமா என்று கேட்டார். முடியாது என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள்.

முன்பணம் நம் தொழிலில் காலங்காலமாக இருப்பது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கி கொடுக்காத பணத்தைப் பட்டறை கொடுக்கிறது. அதில் ஒரு உதவி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் தீரும்வரை ஆள் நகரக்கூடாது, புது முதலாளி பழைய முதலாளிக்குக் கணக்குத் தீர்த்தால்தான் ஆள் கைமாறுவார் என்றால், 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எதை ஒழிக்க வந்ததோ அதன் அருகில்தான் நாம் நிற்கிறோம். தணிக்கையாளர் இதை நயமாகத்தான் சொன்னார். நான் நேராகச் சொல்கிறேன். இந்த வழக்கம் போக வேண்டும். முன்பணத்தை எழுத்தில் வைப்போம், ஒரு பிரதி தொழிலாளர் கையில் இருக்கட்டும். கூலியில் பிடிக்கும் பங்குக்கு வரம்பு வைப்போம். வேலையை விட்டுப் போனால் அது சாதாரணக் கைக்கடனாக மட்டும் நிற்கட்டும்.

வீட்டிலிருந்து சலங்கை வைத்துக் கொடுக்கும் பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதும் ஒத்திகையில் தெரிந்தது. பட்டறையில் பிள்ளைகள் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வேலை வீட்டுக்குப் போகும்போது பள்ளி விட்டு வந்த பிள்ளையும் அதில் உட்காருகிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இடம் கொடுக்கிறது. ஆபத்தான வேலைக்கு அந்த இடமும் இல்லை. அனலும் அமிலமும் இருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் உட்காரக்கூடாது. வீட்டு வேலைக்கும் அட்டை, உருப்படிக் கணக்கு, கூலி ரசீது வேண்டும்.

கடைசியாக, அளப்பவருக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி. வெளியூர் ஆலோசகர் ஒருவர் வந்து, காகிதமும் தானே தயாரித்து, தணிக்கைக்கும் ஆள் பிடித்து, சான்றும் உறுதி என்று மொத்த விலை சொன்னார். செயற்குழு திருப்பி அனுப்பியது. தணிக்கையாளரை முதலாளி தேர்ந்தெடுத்து முதலாளியே பணம் கொடுத்தால், அடுத்த ஆண்டும் அழைக்கப்பட வேண்டும் என்ற நினைப்பு அவர் பேனாவில் ஏறும். அதனால் தீர்மானம் இப்படி: தணிக்கைக் கட்டணம் சங்கத்தின் பொது நிதியிலிருந்து போகும். எந்தப் பட்டறைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். காகிதம் தயாரிக்க உதவியவர் தணிக்கை செய்யக்கூடாது. அறிக்கையின் சுருக்கம் தமிழில் பட்டறைச் சுவரில் ஒட்டப்படும், அங்கே வேலை செய்பவர் படிக்கும்படி. செலவில் ஒரு பங்கை, கேள்வித்தாள் அனுப்பிய வாங்குபவர்களும் ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். சான்று கேட்பவர்கள் கிலோவுக்குக் கூலியைக் குறைத்துக் கேட்டால் அந்தச் சான்றின் பாரம் முழுக்கப் பற்றவைப்பவர் முதுகில்தான் விழும். அவர்களுடைய பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.

சிறு பட்டறைகள் தனித்தனியே உலகச் சான்றுக்குப் போவது இப்போதைக்கு இயலாது. கட்டணமும் காகிதமும் தாங்காது. ஆகவே வரும் ஆண்டில் துண்டுச்சீட்டு, பழைய வெள்ளிப் பதிவேடு, முன்பணச் சீட்டு, வீட்டு வேலை அட்டை ஆகிய நான்கையும் எல்லா உறுப்பினர்களும் தொடங்குவது, ஒத்திகைத் தணிக்கையை அரியாகவுண்டம்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கத்துப் பட்டறைகளுக்கும் கொண்டுபோவது என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் இருவரைத் தணிக்கைக் குழுவில் சேர்க்கும் விதித் திருத்தமும் நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. அதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் இங்கேயே எழுந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறையைத் திறந்துகாட்டிய உறுப்பினர்களுக்கும், முதலாளி வெளியே நிற்கும்போது உண்மையைச் சொன்ன தொழிலாளர்களுக்கும், இரவு பகலாகப் பதிவேட்டு மாதிரிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்த துணைக்குழுவுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்
சேலம்