தம்பிக்கு, தோடி கேட்டுக்கிட்டே

தம்பி,

நீ அனுப்புன சார்லி மரியானோ ஆல்பத்தை முழுசா கேட்டுட்டேன்டா, அதுவும் ஒரு தடவை இல்ல. போன்ல சொன்னா நீ ட்ராம்ல போய்க்கிட்டே சரிம்மா சரிம்மான்னு கேப்ப, நான் சொல்ல வந்ததும் பாதில நின்னுடும், அதான் உக்காந்து டைப் பண்றேன், லீவு நாள்ல நிதானமா படி. நல்லா இருந்துச்சாம்மா, நீ இப்ப என்ன கேட்டுக்கிட்டு இருக்கன்னு ரெண்டு கேள்வி கேட்டிருந்த. ரெண்டுக்கும் பதில் ஒரே எடத்துல தான் இருக்கு, கொஞ்சம் நீளமா வரும்.

முதல்ல நீ அனுப்புன அந்த ஜ்யோதி. 1983ல வந்த ஆல்பம், நீ அப்ப பொறக்கவே இல்ல. பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் ஆளுங்க, ராமமணி அம்மா குரல், டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், கூடவே கடம் கஞ்சிரா, நடுவுல இந்த அமெரிக்காக்காரர் மரியானோவோட சாக்ஸபோன். எனக்கு ஃப்யூஷன்னாலே ஒரு தயக்கம் உண்டு, ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடிட்டு கடைசில வேகமா ஒரு எடத்துல சேந்து கைதட்டு வாங்கிடுவாங்க, ராகம் எங்க போச்சுன்னு தேடணும். இது அப்படி இல்லடா. அந்தம்மா பாடும்போது இவரு அவசரப்பட்டு உள்ள புகுறதில்ல, காத்திருந்து வர்றாரு. வந்தாலும் ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு படியேறி போகாம இழைச்சுக்கிட்டு போறாரு. அவரு 60கள்ல மலேசியால இருந்தப்ப நாதஸ்வரம் கத்துக்கிட்டவர்னு நீ எழுதியிருந்தல்ல, அது இல்லாம அந்த இழைப்பு வராது. பாஸ்டன்ல பொறந்து, மிங்கஸ் மாதிரி பெரிய ஜாஸ் ஆளுங்க கூட வாசிச்சு பேர் எடுத்தவரு, நாப்பது வயசுக்கு மேல திரும்பவும் மாணவனா போய் உக்காந்து சீவாளியை, நாதஸ்வரத்துல ஊதுற அந்த நாணல் துண்டை, வாயில வச்சிருக்காரு பாரு, எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா படுது. கடைசி வரைக்கும் அவரு இருந்தது நீ இருக்கிற ஜெர்மனி கொலோன்ல தான், 2009ல காலமானதும் அங்க தான். இங்க காவிரிக்கரைல நான் கேக்குற வாத்தியத்தை கத்துக்கிட்ட ஒரு மனுஷன் உன் ஊர்ல அவ்வளவு வருஷம் இருந்திருக்காருன்னு நினைக்க எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, நீ தனியா தூரத்துல இருக்கன்ற எண்ணம் கூட கொஞ்சம் குறைஞ்சுது.

இப்ப நான் கேக்குறது. டிஎன்ஆர், அதான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நாதஸ்வரத்துல வாசிச்ச தோடி ராகம், கிட்டத்தட்ட தினமும்.

சிரிக்காத, காரணம் இருக்கு. போன மழைக்காலத்துல நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில கிடந்தேன்ல, வீட்டுக்கு அனுப்புறப்ப மூணு பந்து வச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுத்தாங்க, குழாய்ல மூச்சை உள்ள இழுத்தா பந்து மேல ஏறணும். முதல் பந்து ஏறிடும், ரெண்டாவது பாதி வழி வரும், மூணாவது அடியிலயே ஒட்டிக்கிட்டு அசையவே அசையாது. காலைல சாயந்திரம் ரெண்டு வேளையும் அந்த டப்பாவோட திண்ணைல உக்காந்திருப்பேன், சும்மா உக்காந்திருக்கோமேன்னு பக்கத்துல யூடியூப்ல ராஜரத்தினம் பிள்ளைய போட்டு வைப்பேன். நான் சின்ன வயசுல இருந்து கேட்டது தான் அது, ஆனா மூச்சுக்கு அல்லாடிக்கிட்டு இருக்கறப்ப கேட்டா காது வேற எடத்துக்கு போகுதுடா. இந்த மனுஷன் எங்க மூச்சு எடுக்குறாருன்னு பாக்க ஆரம்பிச்சேன். ஒரு பிடி, அதாவது ஒரு மூச்சுல வர்ற ஸ்வரக் கோர்வை, முடியுது, துளி நேரம் பின்னாடி சுருதிக்கு ஊதுற ஒத்து மட்டும் கேக்குது, அடுத்த பிடி வருது, அந்த துளி நேரம் தான் மூச்சு. மூச்சு தீந்து போச்சேன்னு ஒரு பிடியும் நடுவுல அறுந்து நிக்கல, ராகத்துல எங்க நிறுத்தணுமோ சரியா அங்க தான் காத்தும் முடியுது. அவ்வளவு பெரிய குழலுக்கு எவ்வளவு காத்து வேணும்னு யோசி, அதை வச்சுக்கிட்டு ஒரு வாக்கியம் பேசுற மாதிரி அளந்து அளந்து வாசிக்கிறாரு. பாட்டு தான் முதல்ல கத்துக்கிட்டாரு அவரு, அதனாலயோ என்னமோ குழல்ல பாடுறாரு.

தோடி ஏன்னு கேப்ப. அதுல காந்தாரம், அதான் ஸரிகமல வர்ற க, நேரா நிக்கவே நிக்காது, ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவுல அசைஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த அசைவு தான் தோடி. பாடுறவங்க தொண்டைல அசைச்சுடலாம், வீணைல கம்பிய இழுத்துக்கலாம். நாதஸ்வரத்துல என்ன இருக்கு சொல்லு, உன் சாக்ஸ் மாதிரி சாவி கிடையாது, மூடி கிடையாது, விரல் வைக்க ஏழு துளை, கீழ இருக்கிற அஞ்சுல விரலே படாது, சுருதி சேக்க சிலதை மெழுகு வச்சு அடைப்பாங்க, அவ்வளவு தான். அந்த காந்தாரத்தை கொண்டு வரணும்னா துளையை விரலால பாதி மூடி பாதி தொறந்து, ஊதுற அழுத்தத்தை கூட்டி குறைச்சு, சீவாளியை உதட்டால இறுக்கி விட்டு, மூணையும் ஒரே நேரத்துல பண்ணணும். கொஞ்சம் பிசகினா ராகம் போயிடும், அபஸ்வரம் ஊருக்கே கேக்கும். டிஎன்ஆர் மேல போறப்ப பஞ்சமத்தை (ப) தொடாமயே தாண்டி தைவதத்துல (த) போய் நிக்கிற எடம் ஒன்னு வரும், அந்த எடத்துல நான் டப்பாவை கீழ வச்சுடுவேன்.

அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கம் மூணு மூன்றரை நிமிஷம் தான் ஓடும். விடிய விடிய கோயில் வீதில வாசிச்ச ஆளை அதுக்குள்ள அடைச்சிருக்காங்க. அதுலயே இவ்வளவுன்னா நேர்ல கேட்டவங்க குடுத்து வச்சவங்க. 1956லயே போய்ட்டாரு, எங்க அப்பா கேட்டிருக்காரு, நான் கேக்கல.

இன்னொன்னு சொல்லணும், இது நம்ம ஊர் பக்கத்து விஷயம். முன்னாடி எல்லாம் திமிரின்னு குட்டையா, சுருதி ஏத்தமா இருக்கிற நாயனம், அதான் நாதஸ்வரம், தான் வாசிப்பாங்க. டிஎன்ஆர் தான் நரசிங்கம்பேட்டைல நாயனம் செய்யிற ரங்கநாத ஆசாரி கிட்ட சொல்லி சொல்லி, நீளமா, சுருதி இறக்கமா, சுத்த மத்யமம்ங்குற ஸ்வரம் சரியா பேசுற பாரி நாயனத்தை செய்ய வச்சாரு. வாசிக்கிறவரும் செய்யிறவரும் சேந்து உக்காந்து ஒரு வாத்தியத்தையே மாத்திட்டாங்க. ஆச்சா மரத்துல தான் செய்வாங்க, அதுவும் புது மரம் ஆகாது, பழைய வீடு இடிச்சா வர்ற உத்திரம், தூண்னு தேடி வாங்கி கடைவாங்க. 2022ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்க. கும்பகோணத்துல இருந்து மாயவரம் போற பஸ்ல எத்தனை தடவை அந்த ஊரைத் தாண்டியிருப்ப நீ, அடுத்த தடவை வர்றப்ப எறங்கி பாப்போம்.

கேக்குற விதம் ஒன்னு இருக்கு, இதை மட்டும் கண்டிப்பா செய். ஹெட்போன்ல கேக்காத. நாதஸ்வரத்தை காதுக்குள்ள வச்சு கேட்டா கத்துற மாதிரி தான் இருக்கும், அதைக் கேட்டுட்டு தான் பாதிப் பேரு எனக்கு இது ஒத்துக்காதுங்குறாங்க. அது வீதில, வானத்துக்குக் கீழ வாசிக்க செஞ்ச வாத்தியம்டா. ஸ்பீக்கரை ஹால்ல வச்சுட்டு நீ கிச்சன்ல போய் நில்லு, கதவு தொறந்திருக்கட்டும். நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப சாமி புறப்பாடு மேல வீதில கிளம்பும், எங்க வீடு கீழ வீதி. முதல்ல தவில் மட்டும் வரும், அப்புறம் கம்பீர நாட்டை ராகத்துல மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது, காத்து திரும்புனா மறையும், மறுபடி வரும், மூலை திரும்புறப்ப திடீர்னு மொத்தமும் கொட்டும். அந்த தூரத்துல கேக்குறப்ப தான் ஓசை உருண்டு வரும், ஒரு ஸ்வரத்துல எத்தனை அசைவு இருக்குன்னு தெரியும்.

டிஎன்ஆர் உனக்கு கனமா இருந்தா காருகுறிச்சி அருணாசலத்துல ஆரம்பி, அவரோட சிஷ்யர் தான். கொஞ்சும் சலங்கைல ஜானகி அம்மா குரலோட ஆபேரி ராகம் வாசிச்சாரே, அவரே தான், அது நீ குழந்தைல இருந்து கேட்டது. ஆனா அந்த சினிமா பாட்டோட நிறுத்திடாத, கச்சேரி ரெக்கார்டிங் தேடி எடுத்துக் கேளு. குரு கிட்ட ஒரு கம்பீரம் இருக்கும், நில்லுன்னு சொல்லி நிக்க வைக்கிற வாசிப்பு. இவரு கிட்ட குழைவு, அவசரமே இல்லாத குழைவு. எனக்கு உடம்பு சரியில்லாத நாள்ல காருகுறிச்சி தான் ஓடும். 1964லயே போய்ட்டாரு, நாப்பத்து சொச்சம் வயசு தான், அதை நினைச்சா இன்னும் தாங்கல.

தவிலை விட்டுடாத. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தின்னு ஒரு தவில் வித்வான், தேடு, 1975ல போனவரு. வலது கைல விரலுக்கு விரல் கூடு மாட்டிக்கிட்டு, இடது பக்கம் கழி, ரெண்டும் ரெண்டு ஆளு பேசிக்கிற மாதிரி இருக்கும். அவரு நாதஸ்வரத்துக்கு எடம் விட்டு அடங்கி வாசிக்கிற பகுதிகளைத் தான் நான் திரும்பத் திரும்ப கேக்குறேன், தவில் மட்டும் வாசிக்கிற தனி கூட அப்புறம் தான்.

மனசுக்கு கஷ்டமா ஒன்னு. கல்யாணங்கள்ல நாதஸ்வரம், தவில்காரங்களை நடத்துற விதம் எனக்கு பொறுக்கல. ஓரமா ஒரு எடம், பக்கத்துலயே டிஜே ஸ்பீக்கர், யாராவது ஓடி வந்து கெட்டி மேளம் கெட்டி மேளம்னு கைய ஆட்டுனா அடிக்கணும், மத்த நேரம் சும்மா உக்காந்திருக்கணும். போன மாசி மாசம் ஒரு கல்யாணத்துல நான் ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு அவங்க எதிர்ல உக்காந்தேன். வயசு முப்பது கூட இருக்காது நாதஸ்வரம் வாசிச்ச பையனுக்கு. ஐயா, கரகரப்ரியா ராகம் கொஞ்சம் வாசிக்க முடியுமான்னு கேட்டேன். என்னைப் பாத்தாரு, தவில்காரரைப் பாத்தாரு, வாத்தியத்துல நூல்ல தொங்கிக்கிட்டு இருந்த சீவாளில ஒன்னை எடுத்து நாக்குல வச்சு நனைச்சாரு, மாட்டி ஊதிப் பாத்தாரு, சரியில்ல, அடுத்ததை நனைச்சாரு, அதுவும் பிடிக்கல, மூணாவது தான் பிடிச்சுது. ஆரம்பிச்சாரு பாரு தம்பி. அவசரமே இல்ல, கீழ இருந்து ஒவ்வொரு ஸ்வரமா தொறந்துக்கிட்டு வந்தாரு. பந்திக்கு போய்க்கிட்டு இருந்தவங்கள்ல நாலு பேரு நின்னுட்டாங்க. முடிச்சதும் நான் கும்பிட்டேன், அவரு எழுந்து நின்னு கும்பிட்டாரு. இவ்வளவு வித்தையை உள்ள வச்சுக்கிட்டு யாராவது கேக்க மாட்டாங்களான்னு உக்காந்திருக்காங்கடா. உன் கல்யாணத்துல டிஜே கிடையாது, ராத்திரி முழு கச்சேரி தான், இப்பவே சொல்லிட்டேன்.

கத்ரி கோபால்நாத் கேளுன்னு நான் போன வருஷம் சொன்னேன், நீ கேட்டியா தெரியல. அவரோட அப்பா நாதஸ்வர வித்வான், இவரு சாக்ஸ எடுத்துக்கிட்டு நம்ம ராகத்தை அதுக்குள்ள கொண்டு வந்தாரு. மரியானோ அந்தப் பக்கம் இருந்து நாதஸ்வரத்துக்கு வந்தவரு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து போட்டுக் கேளு, நான் அப்படித் தான் கேட்டேன்.

இப்ப உனக்கு வேலை. டிஎன்ஆர் தோடி லிங்க் வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன், அவரு மூச்சு எடுக்குற எடத்தை நிமிஷம் விநாடியோட குறிச்சு அனுப்பு. நானும் ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப ஒத்துப் பாப்போம். மரியானோ நாதஸ்வரமே வாசிச்ச தட்டும் வந்திருக்குன்னு சொன்னல்ல, அங்க பழைய தட்டு விக்கிற கடைங்கள்ல கேட்டுப் பாரு, கிடைச்சா வெல பாக்காம வாங்கிடு, காசு நான் அனுப்புறேன்.

அம்மா