திறந்து கிடக்கும் வைஃபை அனுமதி ஆகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இல்லையென்றால் அதைப் பயன்படுத்துவதில் என்ன தவறு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆவது பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினி வலையமைப்பில் நுழைபவர், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்துடனோ மோசடியாகவோ செய்தால், 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பூட்டாத இணைப்புக்கு இதில் விலக்கு ஏதும் இல்லை.

எனினும், எது அனுமதி என்பதைச் சட்டம் விளக்கவில்லை. 'இலவச வைஃபை' என்று கடைக்காரர் எழுதி ஒட்டியிருந்தால் ஐயமில்லை. ஒருமுறை இணைந்த திறந்த வைஃபையின் பெயரைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு, அதே பெயர் வேறெங்கு தென்பட்டாலும் தானாகவே இணைந்துவிடக்கூடும். சட்டைப்பைக்குள் கிடந்த கைப்பேசி செய்ததற்கு அதன் சொந்தக்காரர்மீது குற்றம் சுமத்துவது நியாயமாகாது. தெரிந்தே மாதக்கணக்கில் அடுத்தவர் இணைப்பில் திரைப்படங்களைப் பதிவிறக்குபவரின் நிலை வேறு.

இதைச் சில்லறை விஷயமாக நினைப்பவர்கள் 2008ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டித் தீவிரவாதிகள் அனுப்பிய மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகவும், செப்டம்பர் 13 அன்று டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், மும்பை செம்பூரில் இருந்த ஒரு நிறுவனத்தின் இணைப்பு வழியாகவும் சென்றிருந்தன. ஒரே ரவுட்டரில் (வைஃபை தரும் கருவியில்) இணைந்த கருவிகள் எல்லாம் பொதுவாக வெளியுலகுக்கு ஒரே ஐ.பி. முகவரியாகவே (இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணாகவே) தெரியும் என்பதால், காவல்துறை முதலில் தட்டுவது சந்தாதாரரின் கதவைத்தான். அவருக்கு ஏற்படும் அலைச்சலுக்கும் அவமானத்துக்கும் எந்த இழப்பீடும் ஈடாகாது.

வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்கும்படி 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நடைமுறையிலோ, இணைப்புக் கொடுக்க வருபவர் வேகத்தைச் சோதித்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்ட, ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் 'அட்மின்' கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று வீட்டிலுள்ள முதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எனவே, பொது அறிவிப்புடன் தரப்படும் இணைப்பு அனுமதியாகும் என்றும், கருவி தானாக இணைவது குற்றமாகாது என்றும் 43ஆவது பிரிவுக்கு மத்திய அரசு விளக்கம் சேர்க்க வேண்டும். சந்தாதாரர் முன்னிலையில் கடவுச்சொல்லை அமைத்துக் கொடுத்த பிறகே இணைப்புப் பணி முடிந்ததாகக் கருதப்பட வேண்டும் என்பதையும் உரிம நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தாம்பரம்