ஒன்பதாவது பங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீங்கள் திருப்பி அனுப்பிய பணக் கவரைப் பிரிக்காமல், நம் குழுப் பணம் போடும் ஹார்லிக்ஸ் டப்பா மேலேயே வைத்திருக்கிறேன். "எனக்கெதுக்குடி, சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகும்" என்றீர்களாம். கை எலும்பில் தகடு வைத்து, மூன்று மாதம் பறையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுமா அக்கா?

நம் பறைக் குழுவின் மேடைக் கூலியை, எட்டுப் பேருக்கு ஒன்பது பங்காகப் பிரித்தவர் நீங்கள்தானே. ஒன்பதாவது டப்பாவுக்கு. வண்டி வாடகை போக மிஞ்சுவதே கொஞ்சம், இதில் ஒரு பங்கா என்று எனக்கு அப்போது எரிச்சல். 2020இல் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி, நமக்குப் பிழைப்பே அந்த மாதங்கள்தான்; ஒரு மேடைகூட இல்லை. எட்டு வீட்டுக்கும் அரிசி அந்த டப்பாவிலிருந்துதான் போனது. யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதப் போனேன். "எழுதாதே, கடனாயிடும்" என்று பேனாவை வாங்கிக்கொண்டீர்கள்.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. இங்கே கடலூரில் நமக்கு ஆபத்து மழைக்குப் பிறகுதான் வந்தது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை நம் ஒத்திகை வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு பறையை அடித்தால் 'தொப்' என்றது, ஈரச் சாக்கைத் தட்டியது போல. நீங்கள் தென்னை மட்டையில் தீ மூட்டி, ஒவ்வொன்றாகக் காய்ச்சினீர்கள். சூடு மிஞ்சினால் தோல் வெடித்துவிடும் என்று நொடிக்கொரு தரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தீர்கள். அதே தீயில்தான் எல்லோருக்கும் கஞ்சி.

ஆஸ்பத்திரி படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு ஆதாரையும் பார்த்துவிட்டு, "சொந்தத் தங்கச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. பறையடிக்கிற பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்று எங்கள் வீட்டில் கதவைச் சாத்திய ராத்திரி, எனக்குப் பாய் விரித்தவர் நீங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒத்திகை. ஆட்டோவில் நானே வருகிறேன், கவரும் கையில் இருக்கும். நீங்கள் அடிக்க வேண்டாம், உட்கார்ந்து அடி மட்டும் சொல்லுங்கள். சின்னவள் மூன்றாவது அடியிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை.

உங்கள் தங்கை