மீனுக்கு ரெட் ஒயின்

டேய் சேகர்,

எப்படிடா இருக்க, முட்டிவலி பரவால்லயா? கோத்தகிரில இந்த வருஷம் குளிர் தாங்கல, பள்ளத்துப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிப்போச்சு. அம்மா சொகம்தான், உன்ன கேட்டுட்டே இருக்காங்க.

நேத்து ராத்திரி தூக்கம் வராம 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' போட்டேன்டா. 1963ல வந்தது, ஷான் கானரியோட ரெண்டாவது பாண்ட் படம். நாம ஊட்டி அசெம்ப்ளி ரூம்ஸ் தியேட்டர்ல பார்த்த பாண்ட் படத்துல காரு தண்ணிக்குள்ள போகும், வாட்ச்ல லேசர் வரும், விசிலடிச்சிட்டு வெளிய வந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்டா மறந்துரும். இதுல பாண்ட்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பெட்டி. கத்தி, மடக்குற துப்பாக்கி, 50 தங்கக் காசு, தப்பா திறந்தா மூஞ்சில புகையடிக்கிற ஒரு டப்பா, அவ்ளோதான்.

ஆனா பயம் அங்க இல்லடா. கிராண்ட்னு ஒரு கொலைகாரன், ராபர்ட் ஷா பண்ணிருக்கார், பாதிப் படத்துக்கு மேல வாயே திறக்கல. இஸ்தான்புல்ல பாண்ட் போற எடமெல்லாம் பின்னாடியே வர்றான், நமக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல. ஜிப்சிங்க கூடாரத்துல சண்டை நடக்கறப்ப பாண்டைக் கொல்ல வந்தவனை இருட்டுல நின்னு சுட்டுத் தள்றதே இவன்தான், ஏன்னா பாண்ட் ரஷ்யாக்காரங்ககிட்ட இருந்து தூக்கப் போற டீகோடர் மெஷின், அதான் ரகசியச் சேதியைப் படிக்கிற மெஷின், கைக்கு வர்ற வரைக்கும் பாண்ட் உசுரோட வேணும். காப்பாத்தறதப் பார்த்து வயிறு கலங்குனது எனக்கு இதான் மொத தடவை.

அப்புறம் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில்ல கிராண்ட், பாண்டோட ஆளுன்னு சொல்லிட்டு எதிர்ல உக்காந்து சாப்பிடறான், மீனுக்கு ரெட் ஒயின் கேக்கறான். அவங்க வழக்கத்துல மீனுக்கு வெள்ளை ஒயின்தான். நம்ம பந்தில ஒருத்தன் மோருக்கு அப்புறம் சாம்பார் கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்போம்ல, அது மாதிரி. பாண்டுக்கு அது உறைக்கறது துப்பாக்கி முனைல முட்டி போட்டப்பதான். அதுக்கப்புறம் அந்த சின்ன ரயில் கேபினுக்குள்ள, நீல வெளிச்சத்துல ரெண்டு பேரும் கட்டிப் புரள்றாங்க, மியூசிக்கே கிடையாது, ரயில் சத்தம் மட்டும். கைல இருந்த டீ ஆடை கட்டிருச்சுடா, குடிக்கவே இல்ல.

இஸ்தான்புல்ல பாண்டுக்கு உதவற கெரிம் பேங்கற ஆளா நடிச்ச பெட்ரோ அர்மெண்டாரிஸுக்கு அப்ப கேன்சர். அவர் சீனையெல்லாம் முன்னாடியே எடுத்து முடிச்சாங்க, படம் வர்றதுக்குள்ள போய்ட்டார். அந்த வலியோடவா மனுஷன் அப்படி சிரிச்சாருன்னு நெனச்சுட்டே படுத்திருந்தேன்.

பொங்கல் முடிஞ்சு வாடா, ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துட்டு வா. திரும்பப் போடறேன், ரயில் வர்றப்ப நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

உன்
குமார்